கொசுறாக முறுக்கிய இரண்டு ஒயர்கள்

பேட்டரி கழற்றப்பட்ட ஒரு சிவப்புக் கார், செம்பட்டிக்குத் தெற்கே இளஞ்செழியனின் தென்னந்தோப்பில் நின்றபடி, தினமும் மாலை ஐந்து நாற்பதுக்கு சீட் பெல்ட் போடச் சொல்லிப் பதினோரு நிமிடம் கத்தியது. முதல் நாள் கத்தியபோது தோப்பில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இரண்டாம் நாள் தள்ளி நின்று கேட்டார்கள். ஒரு வாரம் ஆனதும் ஆடு மேய்ப்பவர்கள் அந்தச் சத்தத்துக்கு மந்தையைத் திருப்பினார்கள், பால்காரர் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார். எதற்கும் பழகிக்கொள்கிற ஜனம். பழகிக்கொள்ள முடியாதவர்கள் மூன்று பேர்தான்: காரின் சொந்தக்காரன் இளஞ்செழியன், அவனுடைய மாமியார் ராமுத்தாய், அந்தக் காருக்கு ஒயரிங் செய்த திண்டுக்கல் பேகம்பூர் ஆட்டோ எலக்ட்ரீசியன் அப்துல் லத்தீப். கத்த ஆரம்பித்ததற்கு மூன்று வாரம் முன்னால் அந்தக் காரில் செத்துப்போனவள் இளஞ்செழியனின் மனைவி தீபா. அவர்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

இளஞ்செழியனுக்குத் தேங்காயில் வந்ததெல்லாம் காரில் போகும். அப்படி வாங்கியதுதான் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், பின்னால் பெரியவர் யாரும் உட்கார முடியாதபடி பெயருக்கு ஒரு சீட்டு. வாங்கிய வருடமே எஞ்சின் போய்விட்டது. கோயம்புத்தூர்ப் பழைய இரும்புக் கடையில், எங்கேயோ மோதி நசுங்கிய வேறொரு காரின் எஞ்சினைப் பிடித்துவந்து இறக்கினார்கள். எஞ்சினை மாற்றுவது பெரிய காரியமில்லை, தூக்கி வைத்து போல்ட்டை முடுக்கினால் உட்கார்ந்துவிடும். அதன் மூளையோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். இந்தக் காலத்து எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி உண்டு. அது தான் பழைய காரில் பார்த்ததையெல்லாம் புதுக் காரிலும் தேடும்: கதவு சாத்தியிருக்கிறதா, பக்கத்துச் சீட்டில் ஆள் இருக்கிறதா, எத்தனை கிலோ, பெல்ட் மாட்டியிருக்கிறதா. ஒன்று குறைந்தாலும் வீம்பு பிடித்து நிற்கும். அதனால் நசுங்கிய காரின் இடப்பக்கச் சீட்டையும், அதற்குள் இருந்த எடை பார்க்கும் சென்சாரையும், ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டையும் ஒயர் மூட்டையோடு கழற்றி வரவேண்டியதாயிற்று. லத்தீப் பதினேழு நாள் ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, அந்தச் சாக்கெட்டின் பதினாறு குழிகளுக்கும் எந்த ஒயர் என்று ஒவ்வொன்றாகத் தேடி இணைத்தார். பதினெட்டாம் நாள் ஸ்கேனர் ஒரு குறையும் சொல்லவில்லை.

காய் வாங்கினால் கருவேப்பிலை தருவதுபோல லத்தீபிடமும் ஒரு கொசுறு உண்டு. எந்த வேலைக்கு வந்த காராக இருந்தாலும், சீட்டுக்கு அடியில் போகும் பெல்ட் சென்சாரின் இரண்டு ஒயர்களைச் சீவி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவார். பெல்ட் மாட்டியாயிற்று என்று கார் நம்பிக்கொள்ளும், அப்புறம் வாயைத் திறக்காது. திண்டுக்கல்காரர்களுக்குப் பெல்ட் போடுவதும் பிடிக்காது, ஒரு கார் சொல்லித் தாங்கள் கேட்பதா என்ற ரோஷமும் உண்டு. “பாய் கை வச்சா வண்டி பேசாது” என்று மெச்சினார்கள். அவரும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார். சிவப்புக் காரை ஓட்டிப் பார்க்கப் போன அன்று டூல்ஸ் பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்தார். பைக்குப் பெல்ட் போடு என்று கார் கத்தியது. சிரித்துக்கொண்டே ஒயரை முறுக்கிவிட்டார். இளஞ்செழியனிடம் அதைச் சொல்லவில்லை. கொசுறை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

சேவுகம்பட்டியில் இருக்கும் ராமுத்தாயைப் பார்த்துவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாலை, ஐந்து நாற்பதுக்கு, கார் ரோட்டோரப் புளியமரத்தில் இடப்பக்கமாக மோதியது. இளஞ்செழியன் பெல்ட் போட்டிருந்தான், நெஞ்சில் ஒரு கன்றிய கோட்டோடு இறங்கி நடந்தான். தீபா போட்டிருக்கவில்லை. அவள் செத்ததைவிட அதுதான் அவனைத் தின்றது. பெல்ட் போடாவிட்டால் கார் கத்தும் என்று அவனுக்குத் தெரியும். எஞ்சின் இரைச்சலில் தன் காதில் விழவில்லை, அவள் காதில் விழுந்திருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டான். “அது கத்தக் கத்த உக்காந்திருந்திருக்கா. அம்புட்டுத் திமிரு. என்னையக் கொலகாரனாக்கிட்டுப் போயிட்டா” என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். பதினாறாம் நாள் காரியத்துக்கு உட்கார மறுத்தான், அவள் படத்தைச் சுவரில் மாட்ட விடவில்லை. ராமுத்தாய் அந்தப் படத்தைச் சேலையில் சுற்றி சேவுகம்பட்டிக்கு எடுத்துப் போனாள். பெற்றவளுக்கு மகளும் போய், மகளின் நல்ல பெயரும் போனது. இதைவிடக் கொடுமை ஒரு தாய்க்கு வேண்டாம்.

கார் கத்த ஆரம்பித்ததும் இளஞ்செழியன் லத்தீபுக்குப் போன் போட்டான். “செத்தும் அடங்க மாட்டேங்குறா பாய். வந்து அதை நிறுத்துங்க” என்றான். லத்தீப் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து பஸ் ஏறி வந்தார். சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தார். அவர் முறுக்கிய முறுக்கு அப்படியே இருந்தது, டேப்கூடப் பிரியவில்லை. ஆனால் கார் அவரை நம்புவதை விட்டுவிட்டது. பேட்டரி இல்லாத காரில் ஸ்கேனர் எரியாது, மாட்டியதும் எரிந்தது. பக்கத்துச் சீட்டில் ஆள் உண்டு, எடை ஐம்பத்திரண்டு கிலோ, பெல்ட் மாட்டவில்லை என்று வந்தது. லத்தீப் சீட்டைத் தடவிப் பார்த்தார், கண்ணாடித் தூள் தவிர எதுவும் இல்லை. அவர் வாசித்ததைக் கேட்டு இளஞ்செழியன் காறித் துப்பிவிட்டுத் தோப்புக்குள் போனான். அடுத்த மாதம் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு லத்தீப் பஸ் பிடித்தார். எம் மக சீட்டுல இருக்காளாமே என்று கேள்விப்பட்டு அடுத்த மாதத்திலிருந்து ராமுத்தாயும் வந்தாள். பாய் வாசிக்கும் எண்ணைக் கேட்டுவிட்டு, அந்த நசுங்கிய கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவாள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தைந்து, ஐம்பத்தேழு என்று எண் ஏறிக்கொண்டே போனது.

சென்சார் பழுது என்றுதான் லத்தீப் நினைத்தார். ஒரு நாள் சாப்பிடும்போது எண்களை மனைவி கமர்ஜஹானிடம் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “என்னங்க, இது புள்ளத்தாச்சி எடை மாதிரில்ல ஏறுது” என்றாள். அடுத்த மாதம் தோப்புக்குப் போனபோது ராமுத்தாயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்பதான் பாய் சொன்னா, நாள் தள்ளிப் போயிருக்குன்னு. டாக்டர்ட்டக் காட்டிட்டு அவருட்டச் சொல்றேம்மான்னா. நானும் மாப்ளகிட்டச் சொல்லல. இப்படிக் காறித் துப்புறவருகிட்ட எதைச் சொல்ல?”

அதற்குப் பிறகு லத்தீப் மெலிந்துபோனார். சொன்னால் முப்பது வருடத் தொழில் போகும், ஊரில் எவனும் ஒரு பல்பு மாட்டக்கூட வண்டியை விடமாட்டான், இளஞ்செழியன் கையை ஒடித்தாலும் ஒடிப்பான். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் செய்யாத பெண்ணைச் செத்த பிறகும் திமிர்பிடித்தவள் என்றே உலகம் சொல்லும். அவர் பயந்தவர், அதை மறைப்பானேன். மூன்று மாதம் வாயைத் திறக்காமலே போய் வந்தார். எட்டாம் மாதம் எண் அறுபத்து மூன்றுக்கு வந்தபோது கமர்ஜஹான்தான் சொன்னாள், “மாசம் நெருங்கிருச்சு. இப்ப ரெண்டு உசுரு பெல்ட் இல்லாம உக்காந்திருக்கு. போயிச் சொல்லிப்புடுங்க.”

போனார். ஐந்து நாற்பதுக்குக் கார் கத்தத் தொடங்கியதும், சீட்டுக்கு அடியில் இருந்த முறுக்கை வெட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “தம்பி, அன்னைக்கு இந்த வண்டி கத்தவே இல்ல. கத்த விடாமப் பண்ணுனது நான். இந்தா இருக்கு பாருங்க. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல” என்றார். அடி விழும் என்று எதிர்பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இளஞ்செழியன் ஒயரைப் பார்த்துக்கொண்டே நின்றான். ராமுத்தாய் இத்தனை நாள் மென்று விழுங்கிய மீதியையும் அப்போது சொல்லிவிட்டாள்: “அவ வயித்துல உங்க புள்ள இருந்துச்சு மாப்ள.” அவன் யாரையும் அடிக்கவில்லை. இடப்பக்கக் கதவு திறக்காது என்பதால் வலப்பக்கமாக ஏறி, ஸ்டீயரிங்குக்கு மேலாகக் குனிந்து, பக்கத்துச் சீட்டின் பெல்ட்டை இழுத்தான். வெறும் காற்றின் மேல்தான் இழுத்தான். ஆனால் பெல்ட் தட்டையாகப் படியவில்லை, வயிற்றுப் பக்கம் மேடாக வளைந்து போய் மாட்டிக்கொண்டது. எட்டு மாதத்தில் முதல் முறையாகக் கார் பாதியில் சத்தத்தை நிறுத்தியது. “தெரியாமப் பேசிட்டேன் தீபா, தெரியாமப் பேசிட்டேன்” என்று அவன் அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடிந்ததும் இறங்கி, “இனிமே இந்தப் பக்கம் வராதீங்க பாய்” என்றான். லத்தீப் ஸ்கேனரைக்கூடக் கழற்றாமல் நடந்தார்.

அந்த வருடம் முழுக்க அவர் புது வேலை எதுவும் செய்யவில்லை. கொசுறு கொடுத்த வண்டிகளைத் தேடிப் போய், முறுக்கைப் பிரித்து, ஒயரைப் பழையபடி சேர்த்துவிட்டு வந்தார். சிலர் வைதார்கள், ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். பழனி ரோட்டில் கார்கள் மறுபடி பேசத் தொடங்கின. செம்பட்டியில் இளஞ்செழியன் தினமும் ஐந்து நாற்பதுக்குக் காரில் ஏறி அந்தப் பெல்ட்டை மாட்டினான். ராமுத்தாய் படத்தோடு திரும்பி வந்து அங்கேயே தங்கிவிட்டாள், அவனே ஆணி அடித்துப் படத்தை மாட்டினான். லத்தீப் போன மூன்றாவது வாரம் ஸ்கேனரில் எண் ஒரே நாளில் ஏழு கிலோ இறங்கியது. அன்று பெல்ட் தட்டையாகப் படிந்தது. ராமுத்தாய் சுக்கு இடித்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயம் கிண்டி, ஒரு கிண்ணத்தில் டாஷ்போர்டு மேல் வைத்தாள்.

அதற்கு ஒரு வருடம் கழித்து இளஞ்செழியனிடமிருந்து போன் வந்தது. லத்தீப் எடுக்கப் பயந்து, கமர்ஜஹான் எடுத்து அவர் காதில் வைத்தாள். “பாய், நேத்துலருந்து சத்தம் பின்னாடி சீட்லருந்து வருது. அதுக்குப் பெல்ட்டே கிடையாது. வந்து போட்டுக் குடுங்க” என்றான். லத்தீப் மதுரையில் ஒரு குழந்தை சீட்டும் அதற்குச் சென்சாரும் வாங்கிக்கொண்டு போனார். முன்சீட்டில் யார் மேலும் முழங்கை பட்டுவிடாமல் ஒதுங்கி உட்கார்ந்து, ஒயர்களை முறுக்காமல் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். இளஞ்செழியன் டார்ச் பிடித்தான். பெல்ட்டை மாட்டியதும் சத்தம் நின்றது. ஸ்கேனரில் முன்சீட்டு ஐம்பத்திரண்டு கிலோ என்றும், பின்சீட்டு ஒன்பது கிலோ நானூறு கிராம் என்றும் வந்தது.

“ஒரு வயசுக்குச் சரியான எடதான்” என்று சொல்லிவிட்டு, ராமுத்தாய் பாய்க்குக் காப்பி போட எழுந்து போனாள்.