பதினைந்தாவது குளியல்

காலை ஏழரைக்கே பந்தெலிஸ் சமையலறை நாற்காலி இரண்டைத் தூக்கி மூன்று சக்கர வண்டியின் பின்னால் போட்டுக் கயிற்றால் இறுக்கினார். வைக்கோல் தொப்பியோடு வாசலுக்கு வந்த அவர் மனைவி மருசோ நின்று பார்த்தாள்.

"நாற்காலி எதுக்கு மனுஷா?"

"உக்காரத்தான். பின்ன தலையில வச்சுக்கவா?"

"சண்டைக்குப் போறேன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு. நான் வரல."

"பதினாலோட நிக்கப் போறியா? ரெட்டைப்படையிலயா?"

மருசோ வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்தத் தீவில் கோடை வந்தால் ரொட்டிக் கடையில்கூட அதே கேள்விதான்: "எத்தனை குளியல் ஆச்சு?" கடலில் கழுத்தளவு நின்று அரட்டையடித்துவிட்டு வந்தால் அது ஒரு குளியல். கணக்கு ஒற்றைப்படையில் முடிந்தால்தான் எலும்புக்குப் பலன். ஏன் என்று யாருக்கும் தெரியாது, இல்லை என்று சொன்னவனும் கிடையாது. வசந்தத்தில் மருசோவுக்கு வலது முட்டியை எடுத்துவிட்டு வேறு முட்டி வைத்தார்கள். கடலில் நடக்கச் சொன்னார் டாக்டர். ஆகஸ்ட் முடிவதற்குள் இருபத்தொன்று என்று அவள் தீர்மானித்தாள். பதினாலு வரை ஓடியது. அதோடு நின்றுவிட்டது.

நின்றதற்குக் காரணம் குடை. விரிகுடாவில் இடப்பக்கமும் வலப்பக்கமும் பாசி பிடித்த பாறை. நடுவில் ஐம்பதடி அகலம் மட்டும் மணல். அந்த மணலில் பீச் பார் போட்டிருந்த மத்தேயோஸ், இரண்டு வரிசை குடையும் சாய்வுப் படுக்கையும் போதாதென்று ஜூலை மாதம் மூன்றாவது வரிசையைத் தண்ணீர் ஓரத்துக்கே கொண்டுபோய்விட்டான். படுக்கைக்கும் படுக்கைக்கும் நடுவே ஆட்டுக்குட்டி புகாது. மருசோ பாறை வழியாக இறங்கிப் பார்த்தாள். வழுக்கி விழுந்ததில் தொடை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. "போதும், இனிமே கடலே வேண்டாம்" என்று துண்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். அந்தத் துண்டைத்தான் இன்று பந்தெலிஸ் எடுத்துக் கையில் கொடுத்திருந்தார்.

கரைக்கு வந்ததும், தண்ணீர் ஓரத்து முன் வரிசையில் ஒரு மேஜையைத் தள்ளிவிட்டு, இரண்டு குடைகளுக்கு நடுவே நாற்காலிகளைச் செருகினார். மருசோவுக்குக் கரையில் ஒரு நாற்காலி கட்டாயம் வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள், ஏறி வந்ததும் அதில்தான் உட்காருவாள். இல்லாவிட்டால் முட்டி நடுங்கும்.

பரிமாறுகிற பெண் ஓடி வந்தாள். ஏதென்ஸிலிருந்து சீசனுக்கு வந்தவள். சட்டையில் பெயர் குத்தியிருந்தது: தனாயி.

"தாத்தா, வெளி நாற்காலி போடக் கூடாது. முன் வரிசை செட்டு எண்பது யூரோ. பின்னாடின்னா ஐம்பது."

"நான் ஒனக்குத் தாத்தா இல்ல. எண்பது எதுக்கு? ஒங்க முதலாளி கடல வாளியில கொண்டாந்தா ஊத்தினான்?"

"படுக்கைக்கும் குடைக்கும்தான் காசு."

"அது ரெண்டும் எனக்கு வேண்டாம். எடுத்துக்கிட்டுப் போ."

அந்தப் பெண் முதலாளிக்குப் போன் போட ஓடினாள். பக்கத்துப் படுக்கையில் எண்ணெய் தடவிக் கிடந்த ஹாலந்துக்காரர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தார். மருசோ உடுப்பின் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை பேர் பாக்க, சண்டைக்கு நடுவுல நான் உடுப்பக் கழத்த மாட்டேன். முடிச்சிட்டுச் சொல்லு" என்றாள்.

முடிக்க மத்தேயோஸ் வர வேண்டியிருந்தது. பத்து மணிக்கு வந்தான். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ. தூரத்திலிருந்தே கைகளை விரித்தான்.

"நோனோ! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வண்டி அனுப்பியிருப்பேனே!"

ஞானஸ்நானத் தொட்டியில் அவனை முக்கி எடுத்துப் பெயர் வைத்த நோனோ, அதாவது ஞானத்தகப்பன், பந்தெலிஸ். அன்று அவன் கத்திய கத்தலில் பாதிரியார் ஜெபத்தையே மறந்துபோனார். இன்று அதே ஆள் தண்ணீரை வேலி போட்டு விற்கிறான்.

"தனாயி! இவங்ககிட்டயா காசு கேட்ட? முன் வரிசை, நல்ல செட்டு, காப்பி, சாப்பாடு, எல்லாம் என் செலவு. நோனா, வாங்க, நிழல்ல படுங்க."

மருசோ பாதி எழுந்துவிட்டாள். பந்தெலிஸ் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஒன் செலவுல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

மத்தேயோஸின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. அந்த ஊரில் நீட்டிய கோப்பையை மறுப்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். அதுவும் வேலைக்காரர்கள் முன்னால். "நான் என்ன தப்புப் பண்ணேன் நோனோ? ஓசியிலதானே குடுக்கறேன்?"

"அதான் தப்பு. ஒன்னோடத நீ குடு, வாங்கிக்கறேன். கடல எப்படிடா எனக்கு ஓசியில குடுப்ப?"

"லைசென்ஸ் இருக்கு. எது என் இடம்னு வரைபடத்தோட இருக்கு." போனை எடுத்து நீட்டினான்.

பந்தெலிஸ் அதைப் பார்க்கக்கூட இல்லை. மூன்றாம் வகுப்போடு சலவைக்கல் சுரங்கத்துக்குப் போனவர். முத்திரை குத்திய காகிதம் எதுவும் அவருக்கு நல்லது செய்ததில்லை. "ஜனவரி அலை எங்க வரைக்கும் வரும்? ஒன் சமையக்கட்டுச் சுவர் வரைக்கும். போன வருஷம் ஐஸ் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போச்சா இல்லையா? குளிர்கால அலை தொடற இடம் எல்லாருக்கும் பொது. எங்கப்பன் சொல்லல, சட்டமே சொல்லுது. இத அந்தப் படத்துல காட்டு பாப்போம்."

மத்தேயோஸ் போனைப் பையில் போட்டுக்கொண்டு போனான். ஆனால் விடவில்லை. சற்று நேரத்தில் தனாயி ஐஸ் காப்பி இரண்டும் ஒரு தட்டு தர்பூசணியும் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். வெயில் ஏறியது. கண்ணாடிக் குவளை வியர்த்து வழிந்தது.

"தொண்ட காயுது. ஒரு வாய் குடிச்சா என்ன குடி முழுகிடும்?" என்றாள் மருசோ.

"குடிச்சா அவன் விருந்தாளி. விருந்தாளிக்கு வாய் கிடையாது. நாளைக்கு நாலாவது வரிசைய நம்ம மடியில போடுவான், நாம நன்றி சொல்லணும்."

"ஒன் மானத்துக்கு என் முட்டிதான் கிடைச்சுதா?"

அது சுருக்கென்று தைத்தது. தைத்தாலும் குவளையைத் தொடவில்லை. வண்டிக்குப் போய்க் கூடையை எடுத்து வந்தார். பார்லி ரஸ்க், தக்காளி, ஆட்டுப் பாலாடைக்கட்டி, குளிர்ந்த தண்ணீர், வீட்டில் காய்ச்சிய திராட்சைச் சாராயம் ஒரு புட்டி. பக்கத்தில் ஆள் பார்த்துக்கொண்டிருக்கத் தனியாகத் தின்பது அவர்கள் வழக்கமில்லை. கைப்பழக்கத்தில் ஹாலந்துக்காரருக்கும் ஒரு சின்னக் கிளாஸ் ஊற்றி நீட்டினார்.

ஹாலந்துக்காரர் ஒரே மடக்கில் விட்டு, கண்ணில் நீர் வர இருமி, நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். மனைவியை எழுப்பித் தக்காளியைக் காட்டினார்.

பந்தெலிஸுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஊற்றுகிறவன் எவனோ, அவன்தானே இங்கே வீட்டுக்காரன்!

அடுத்த செட்டுக்கு நடந்தார். அதற்கடுத்ததற்கும். பாஷை வேண்டியிருக்கவில்லை, புட்டி போதும். மருசோவோடு எப்போதும் குளிக்கிற பிரோசோ சேதி கேட்டுத் தன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். திராட்சை இலையில் சுருட்டிய சோறு ஒரு சட்டி நிறைய.

"கல்யாணமா, கருமாதியா?" என்று கேட்டுக்கொண்டே சட்டியைத் திறந்தாள்.

"மத்தேயோஸ் எப்படி எடுத்துக்கறான்னு பாத்துச் சொல்றேன்" என்றார் பந்தெலிஸ்.

மூன்று மணி வரைக்கும் முன் வரிசையில் ஒரு பீர்கூட விற்கவில்லை. எல்லோரும் சுருட்டிய சோற்றைச் சப்பிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். தனாயி போய்ச் சொல்ல, மத்தேயோஸ் வேகமாக வந்தான்.

"நோனோ, இது அக்கிரமம். என் கடையில, என் வாடிக்கைக்கு, நீங்க விருந்து வைக்கிறீங்களா?"

"ஒன் கடை அந்தச் சுவரோட முடிஞ்சுபோச்சு. இது வேற இடம். வெயில்ல வந்திருக்க, இந்தா." கிளாஸை நிறைய ஊற்றி நீட்டினார்.

பிரோசோ மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். மறுத்தால், ஞானத்தகப்பன் கொடுத்ததை மறுத்தவன் என்று ராத்திரிக்குள் ஊர் முழுக்கப் பரவும். வாங்கினால் அந்த மணலில் அவன் விருந்தாளி. மத்தேயோஸுக்கு இரண்டுமே தெரியும். அவனும் அந்தத் தீவில் பிறந்தவன்தான். கிளாஸைப் பார்த்தான், பந்தெலிஸைப் பார்த்தான்.

வாங்கிக் குடித்தான்.

"நல்லாருக்கா?"

"...நல்லாருக்கு."

"அப்ப இந்த ரெண்டு செட்டையும் தூக்கு. பொம்பளைங்க இறங்கணும்."

தனாயி ஒரு பக்கம் பிடித்தாள். படுக்கைகள் நகர்ந்தன. மருசோ உடுப்பைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள், தொப்பியைக் கழற்றவில்லை. நாற்காலியைப் பிடித்து ஒரு கால், பிரோசோவின் தோளைப் பிடித்து மறு கால். மணல் அவளை வழுக்கவிடவில்லை. கழுத்தளவு போய் நின்றதும் "அம்மாடி!" என்று அவள் விட்ட மூச்சு கரைவரை கேட்டது.

அதற்குள் மத்தேயோஸ் ஓர் அட்டையில் எழுதி, காலியான இடத்தில் குச்சி நட்டுக் குத்தினான்.

"என்னடா அது?"

"'நோனோவின் குடும்பத்துக்கு மட்டும்.' நாளையிலருந்து ஒரு பய தொட மாட்டான். திருப்திதானே?"

பந்தெலிஸ் குச்சியோடு பிடுங்கினார். "காலையிலருந்து நான் கத்தினது ஒன் காதுல ஏறவே இல்லையா? என் குடும்பத்துக்கு மட்டும்னா பிரோசோ எங்க இறங்குவா? பாறையிலயா? ஒன்னப் பெத்தவ எங்க இறங்குவா?"

"குடுக்காட்டியும் குத்தம், குடுத்தாலும் குத்தமா?"

"குடுக்க நீ யாருடா! எனக்கு அடுத்தவன் இடம் வேண்டாம். வழி விடு, அவ்வளவுதான்!" அட்டையை இரண்டாக மடித்து அவன் சட்டைப் பையில் திணித்தார்.

மத்தேயோஸ் முகம் கறுத்துப்போய்ப் படுக்கையின் ஒரு முனையைத் தூக்கினான். "சரி. அப்ப அவங்க வெளிய வந்ததும் பழையபடி போட்டுக்கறேன். எப்ப வருவாங்க?"

கடலில் இரண்டு தலைகளும் பக்கத்துப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தன. பிரோசோ ஏதோ சொல்ல, மருசோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

பந்தெலிஸ் இடைவெளியின் நடுவில் போய்க் காலை அகட்டி நின்றார். "என்னை ஏன் கேக்கற? எறங்கிப் போய் அவளக் கேளு."

மத்தேயோஸ் குனிந்து தன் வெள்ளை ஷூவைப் பார்த்தான். அலை அதன் நுனியைத் தொட்டது. படுக்கையைப் பிடித்தபடியே ஒரு அடி பின்னால் போனான்.