கற்பூரத்தை அணைத்த கை

அன்று கோயில் முன்னால் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது.

பூசாரி அர்த்தனாரி வாசற்படியில், கற்பூரக் கல்லுக்கு வலப்பக்கம். ஊர்க் காரியங்களுக்கும் அவரே பெரியவர். படிக்குக் கீழே வெறுந்தரையில் ஆத்தாயி. மிளகு வாங்க அடிவாரத்திலிருந்து மட்டக்குதிரையோடு ஏறி வரும் ராஜா முகமது, கோயில் எல்லைக்கு வெளியே, இறக்கி வைத்த சேணத்தின் மேல். ஆத்தாயியின் மகன் கந்தப்பன் சோலை வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, முகத்தைப் பாதி எங்கள் பக்கமும் பாதி காட்டுப் பக்கமுமாக வைத்திருந்தான். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் நான் கவிழ்த்துப் போட்ட மர உரலின் மேல். மடியில் எழுத்துப் பலகை. ஆத்தாயியின் புருசன் செங்கோட்டையன் மட்டும் உட்காரவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ஈசுவர வருஷம், பங்குனி பன்னிரண்டு, வெயில் ஏறாத காலை. தேதி போடாமல் எதையும் எழுதாதே என்று சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் இதே பங்குனியில் நடந்தது ஒன்று இருக்கிறது. காற்று அடங்கும்வரை யாரும் விதைப்புக்காகத் தங்கள் கொல்லைக்குத் தீ வைக்கக் கூடாது என்று எங்கள் மலையின் வாழவந்தி நாடு முழுக்கத் தப்படித்துச் சொல்லியிருந்தார்கள். சாமை விதைக்க அவசரப்பட்ட செங்கோட்டையன் வைத்தார். தீ தாவிச் சாமியின் சோலைக்குள் புகுந்தது. கோயில் உண்டான நாள் முதல் கத்தி படாத மரங்கள் மூன்று நாள் எரிந்தன. பக்கத்துக் கொல்லை சாமியப்பனுடையது. அவர் ஆத்தாயியின் கூடப்பிறந்த அண்ணன். தீ அவர் கொல்லையிலிருந்துதான் வந்தது என்று செங்கோட்டையன் சொன்னார்.

எங்கள் மலையில் அதற்கு மேல் வழக்கு நீளாது. கற்பூரத்தை ஏற்றுவார்கள். சொன்னது சத்தியமானால் உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். செங்கோட்டையன் அணைத்தார்.

சாமியப்பன் எதிர்த்துப் பேசவில்லை. நடந்ததில் மிக மோசமானது அதுதான். மச்சான் சாமி முன்னால் பொய் சொல்ல மாட்டார் என்று அவர் நம்பினார். அன்று காலை வரப்பில் சுருட்டுப் பற்றவைத்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பொறியாகத்தான் இருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு மலையிறங்கினார். அதன் பிறகு ஆத்தாயி அண்ணன் பேரை வாயில் எடுக்கவில்லை.

செங்கோட்டையன் தலையில் இடி விழவில்லை. சாமை விளைந்தது, பலா காய்த்தது, மச்சானின் கொல்லையையும் சேர்த்து உழுதார். ஆனால் கற்பூரம் காட்டும்போது அவர் கோயிலில் நின்றதில்லை. மணி அடித்ததும் மாடு அவிழ்த்துக்கொண்டது என்று கிளம்பிவிடுவார். பதினெட்டு வருஷமாக அந்த மாடு திருவிழாவுக்குத் திருவிழா தவறாமல் அவிழ்த்துக்கொண்டது.

போன வாரம் கந்தப்பனுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு பலாமரத்தின் மேல் தகராறு. மரம் அவர்களுடையது என்று ஊருக்கே தெரியும். என்னுடையதுதான், அடுத்த வெள்ளிக்கிழமை கற்பூரம் அணைக்கிறேன் என்றான் கந்தப்பன். அப்பன் அவன் கையைப் பிடித்து இழுத்து, சாமி காரியத்தில் விளையாடாதே என்றிருக்கிறார். அவன் சிரித்துக்கொண்டே கேட்டானாம்:

“நீங்க அணைச்சீங்களே, என்னாச்சு? உள்ளங்கையில ஒரு கொப்புளங்கூட வரலியே.”

கொல்லைக்குத் தீ வைத்த அந்தக் காலையில் அப்பனுக்குக் கொள்ளிக்கட்டையை எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். அப்போது ஏழு வயது. மறந்திருப்பான் என்று செங்கோட்டையன் நினைத்திருந்தார். அவன் மறக்கவில்லை, சாமி ஒன்றும் செய்யாது என்று அன்றே கற்றுக்கொண்டு அதை வைத்தே வளர்ந்திருக்கிறான். செங்கோட்டையனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆத்தாயி எழுந்து அர்த்தனாரி வீட்டுக்கு நடந்தாள்.

அப்படித்தான் சாமியப்பனுக்குக் கடுதாசி எழுத நாங்கள் ஆறு பேரும் அங்கே கூடியது.

கற்பூரம் ஏற்றி விழுந்து கும்பிட்டுவிடுகிறேன், கடுதாசி அப்புறம் ஆகட்டும் என்றார் செங்கோட்டையன். அணைத்த கையே திரும்ப ஏற்றினால் பொய்ச் சத்தியம் கழிந்தது என்பது மலை வழக்கம். அர்த்தனாரி தீப்பெட்டியை எடுத்துத் தன் மடியில் சொருகிக்கொண்டார்.

“சாமி எங்கயும் போயிராது. மொதல்ல மச்சானுக்குச் சொல்லு.”

“எங்க பள்ளிவாசல் அஜரத்தும் அதேதாஞ் சொல்லுவாருங்க,” என்றார் ராஜா முகமது சேணத்திலிருந்து. “மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன்கிட்டத்தான் போய்ச் சொல்லணும்.”

விலாசம் கொண்டுவந்தவர் அவர்தான். பொள்ளாச்சிச் சந்தையில் ஒருவர் மிளகு மூட்டையை முகர்ந்துவிட்டு, இது எங்க மலைச் சரக்கு என்றாராம். விசாரித்தால் சாமியப்பன். ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. கோயில் பக்கம் போவதே இல்லை, சாமி காட்டை எரித்த கையால் எப்படிக் கும்பிடுவது என்று கேட்டாராம். இதைக் கேட்டபோது ஆத்தாயி தரையில் கிடந்த ஒரு கல்லை எடுத்தாள். பிறகு அதை விடவே இல்லை.

நான் எழுதினேன். ஊர், தேதி, வணக்கம், க்ஷேமம், பிறகு விஷயம். மன்னிப்புக் கடிதத்துக்கு என்று பள்ளியில் கற்ற வாசகம் என் கையில் தானாக வந்தது. வாசித்துக் காட்டினேன்: “முன்னொரு காலத்தில் தெரிந்தோ தெரியாமலோ நான் செய்த பிழையைத் தாங்கள் மனதில் வைக்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டியது.”

நன்றாக இருக்கிறது என்றார் அர்த்தனாரி. செங்கோட்டையன் முகம் தெளிந்தது. ரேகை வைக்க விரலைக்கூட நீட்டிவிட்டார். வேலியிலிருந்து கந்தப்பன் மூக்கால் சிரித்த சத்தம் கேட்டது.

ஆத்தாயி நிமிர்ந்தாள்.

“ஏனுங்க, இதப் படிச்சா எங்கண்ணனுக்கு என்னங்க தெரியும்? இன்னமும் சுருட்டுத்தான்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கும்.”

எனக்குக் காது சுட்டது. இருபது வருஷமாக இந்த வாசகத்தை எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். அதில் ஒளிந்துகொள்ள இத்தனை இடம் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

செங்கோட்டையன் மகனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தெரியாமங்கிறத எடுத்துருங்க, எழுத்துக்காரரே.”

அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்புவது என் வழக்கமில்லை. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் சொல் ஒன்றும் சேர்க்கவில்லை.

“மச்சான் சாமியப்பனுக்கு. சோலையை எரித்தது நீ இல்லை. உன் சுருட்டும் இல்லை. தப்படித்த பிறகு, தெரிந்தே, நான் வைத்த தீ. தெரிந்தே உன் பேரைச் சொன்னேன். தெரிந்தே கற்பூரத்தை அணைத்தேன். உன் கொல்லையை நான் உழுகிறேன், அது உன்னுடையது. நீ கோயிலுக்குப் போ. போகக் கூடாதவன் நான்தான்.”

கடைசி வரியை எழுதுமுன் அர்த்தனாரி கையை உயர்த்தி என் பேனாவை நிறுத்தினார்.

“கடைசி வரி வேண்டாம். நீயும் கும்பிடத்தான வந்திருக்கே?”

“வந்திருக்கனுங்க,” என்றார் செங்கோட்டையன். அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்து அழுதார். நாங்கள் அவரை அழ விட்டோம்.

அந்த வரிக்குப் பதிலாக, செங்கோட்டையன் சொன்னபடி, ‘ஊர் அறிய இதைச் சொன்னேன், வந்து சேர்’ என்று முடித்தேன். அவர் பெருவிரல் ரேகை வைத்தார். அர்த்தனாரி சாட்சி போட்டார். பிறகு தீப்பெட்டியைச் செங்கோட்டையனிடம் நீட்டினார். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதை அவரே அழுத்தி உரசி முறித்துவிட்டார். மூன்றாவதை உரசுமுன் கந்தப்பன் வேலியை விட்டு வந்து, அப்பனுக்கு முன்னால் குந்தி, இரண்டு கையாலும் காற்றை மறைத்தான். கற்பூரம் பற்றிக்கொண்டது. செங்கோட்டையன் அதன் முன்னால் விழுந்தார். எழுந்து, அது எரிவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

அர்த்தனாரி கந்தப்பனிடம், பலாமரத்துக்காகக் கற்பூரம் அணைக்க வெள்ளிக்கிழமை வருகிறாயா என்று கேட்டார்.

“இல்லீங்க,” என்றான் அவன், கற்பூரத்தைப் பார்த்தபடியே.

தீ இருக்கும்போதே நான் அரக்குக் குச்சியை அதில் காட்டி இளக்கி, உறையின் வாயில் சொட்டவிட்டு, என் மோதிரத்தால் அழுத்தினேன். விலாசத்தை இருமுறை சரிபார்த்தேன். பதில் வருமா என்று ஆத்தாயி கேட்டாள். பதில் என்ன, ஆளே வரும் என்றேன். நான் சாதாரணமாக அப்படி உறுதி சொல்வதில்லை.

ராஜா முகமது கடிதத்தை வாங்கி, மிளகு மூட்டையில் வைத்தால் மச்சான் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, தலைப்பாகைக்குள் பத்திரமாகச் செருகினார். நாளைக் காலை சேந்தமங்கலம் தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். மட்டக்குதிரைக்குச் சேணம் ஏற்றி, சோலையை ஒட்டிய பாதையில் இறங்கினார்.