மல்பெரி மரத்துக்கு வலப்பக்கம் ஓடிய படங்கள்

1

இந்தக் கதை எனக்கு முடி வெட்டிக்கொள்ளும்போது கிடைத்தது. டாசூலாவின் கடையில் உட்கார்ந்தால் கிரீஸின் வோலோஸ் நகரத்துக் கதைகளில் பாதி காதில் விழும். மிச்சப் பாதியை நான் இட்டுக்கட்டிக்கொள்வேன். இப்படித் தொடங்கினேன்: 'கடற்காற்று வீசிய அந்தக் கோடை மாலையில், தனிமையில் வாடிய எவாந்தியா—'

(நிறுத்திவிட்டேன். எவாந்தியா வாடுகிற ஆள் இல்லை. பூசணி விதை கொறித்தபடி படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.)

2

மறுபடியும். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எவாந்தியாவின் பால்கனி, திறந்தவெளித் திரையரங்கைப் பார்த்தபடி இருந்தது. கோடை முழுவதும் ஓசிப் படம். அரங்குக்காரர் கண்டுகொள்வதில்லை. அவள் புகழ்ந்த படத்துக்கு மறுநாள் கூட்டம் வரும். டிக்கெட் வாங்குமுன் தெருவே அவளைத்தான் கேட்கும். ஓய்வுபெற்ற பிறகு வேறு எதற்கும் அவளை யாரும் கேட்டதில்லை.

இந்தக் கோடையில் அவள் புகழ்ச்சி கரைபுரண்டது.

"கப்பல் படம் எப்படிக்கா?" என்றாள் டாசூலா.

"அடியே, கப்பல் முழுகுறதையே காட்டலடி! எல்லாரும் ஒரு பக்கமா பாத்து அலறுறாங்க, அவ்வளவுதான். என்ன அடக்கம்!"

"கொலைப் படம்?"

"கொலைகாரன் மூஞ்சி கடைசிவரைக்கும் தெரியாது. பாக்குறவனுக்கும் மூளை இருக்குன்னு நம்புற டைரக்டர். கையெடுத்துக் கும்பிடணும்."

[அடிக்குறிப்பு: அரங்கின் மல்பெரி மரத்தின் கிளைகளை வசந்தந்தோறும் அரங்குக்காரர் கழித்துவிடுவார். இந்த ஆண்டு அவருக்கு முதுகுவலி. பால்கனியிலிருந்து பார்த்தால் திரையின் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு இலைக்குப் பின்னால் போய்விட்டது. இருட்டில் மரமும் இருட்டு. திரையே அவ்வளவுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.]

3

மருந்துக்கடைக்காரர் லெஃப்டேரிஸ் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. (முதலில் மீசை வைத்தேன், எடுத்துவிட்டேன்.) தெருவுக்குப் புதியவர். "ஒத்தையா உக்காந்து தனக்குத்தானே பேசிக்கிட்டுச் சாப்பிடுறான் பாருங்க, அந்தத் தனிமைக்கே பத்து தடவை பாக்கலாம்" என்று இன்னொரு படத்தைப் பற்றி எவாந்தியா சொன்னதை நம்பி டிக்கெட் வாங்கினார். இடைவேளை விளக்கு எரிந்ததும் பால்கனிக்குக் கீழே வந்து நின்றார்.

"எவாந்தியாம்மா! எங்கங்க ஒத்தையா? பொண்டாட்டி எதிர்லயே உக்காந்திருக்கா! அவகிட்டதான் பேசுறான்!"

அரங்கமே நிமிர்ந்து பார்த்தது. கீழே உட்கார்ந்திருந்த டாசூலா தலையில் அடித்துக்கொண்டாள். எவாந்தியா அப்போதுதான் மரத்தைப் பார்த்தாள். கப்பல், கொலைகாரன் எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. முகம் சுட்டது. இனி யார் நம்மைக் கேட்பார்கள் என்று நினைத்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"தெருவுக்கே தெரியும்க்கா. கப்பல் முழுகுனதை நாங்க பாத்தோம். அட்டைக் கப்பல். நீ சொன்ன படம்தான் நல்லாருந்துச்சு. அதான் யாரும் வாயத் தெறக்கல."

4

முடிவு ஒன்று: கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறாள். (அடித்துவிட்டேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அவமானத்தில் விட்டுவர மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: லெஃப்டேரிஸ் அரிவாளோடு மரம் ஏறுகி— (சினிமாத்தனம்.)

நடந்தது வேறு. அவள் கம்பியைப் பிடித்துக் குனிந்து கேட்டாள்.

"அந்தப் பொண்டாட்டி நல்லா நடிக்கிறாளா?"

லெஃப்டேரிஸ் யோசித்தார். "எனக்குச் சொல்லத் தெரியலம்மா. நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க. பக்கத்து நாற்காலி காலிதான்."

விளக்கு அணையப் போகிறது. அவளைக் கீழே அனுப்பினால் இனி எல்லாக் கப்பலும் அட்டைக் கப்பலாகத் தெரியலாம். மேலேயே வைத்தால் அந்தப் பெண்ணின் முகத்தை அவள் பார்க்கவே மாட்டாள். எதை இழக்கச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.