மொசேசேயின் ஒரே பாட்டும் அவன் அத்தை மகளும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது புகார் சொல்லப் போன இடத்தில். தென்கடல் தீவு நாடொன்றின் தலைநகரான நுக்குஅலோஃபாவில் பதினோரு வருடமாகக் கணக்கு வாத்தியார் நான். பக்கத்து வீட்டு மொசேசேயின் தகரக் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் ஹெவி மெட்டல். ஞாயிற்றுக்கிழமை இந்தத் தீவில் யாரும் ஒரு டப்பாவைக்கூடத் தட்டக் கூடாது என்பதால், இரண்டு நாள் சத்தத்தையும் சனிக்கிழமையே போட்டுத் தீர்ப்பார்கள். விடைத்தாள் திருத்த முடியாமல் சண்டை போடப் போனேன். கதையோடு திரும்பினேன்.

முதல் வரி: "மொசேசே மேடையில் ஏறியபோது வானம் கறுத்து—"

(வேண்டாம். அவன் இன்னும் எந்த மேடையிலும் ஏறவில்லை.)

2

மொசேசேயிடம் ஒரு பாட்டு இருந்தது. ஒரே ஒரு பாட்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆக்லாந்து போன அப்பாவைப் பற்றியது. முதலில் ஞாயிறுதோறும் போன் செய்தவர், பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் செய்தார், பிறகு அதுவுமில்லை. பாட்டில் அவருக்கு விழும் வசவுகளை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை. அதை ஒரு தடவை, ஊர் முன்னால், தன் வாயால் கத்திவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கிட்டாருக்கு டயர் கடை பேனி இருந்தான். டிரம்ஸுக்கு ஆளில்லை. ஒருநாள் சர்ச் மதிலுக்கு அந்தப் பக்கம், பேண்டு வாத்திய ஒத்திகையில் யாரோ டிரம்ஸ் அடிப்பது பேனி காதில் விழுந்தது. "சனிக்கிழமை மொசேசே கொட்டகைக்கு வந்துடு!" என்று மதில் மேலாகக் கத்திவிட்டு வந்துவிட்டான். இங்கே யாரும் செய்யாத தவறு. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் எதிலும் ஆள் சேர்க்க மாட்டார்கள்.

3

வந்தது ஒரு பெண், லூபே. அரைமணி நேரம் அடித்தாள். கூரைத் தகரத்தில் இரண்டு ஆணி கழன்று விழுந்தன. மொசேசே வாயைப் பிளந்துகொண்டு நின்றான். இன்னும் பாடவே ஆரம்பிக்கவில்லை.

"எந்த ஊரு நீங்க?" பேனி அப்போதுதான் கேட்டான்.

"ஹாபாய். அம்மா மட்டும் வவாவு. அனசேனின்னு பேரு."

மொசேசே மைக்கைக் கீழே வைத்தான். "ஹாபாய்க்குக் கட்டிப்போன எங்க அத்தை பேரு அது."

(தமிழ் வாசகர் இங்கே சிரிக்க ஆரம்பித்திருப்பார். அத்தை மகளா, அடி சக்கை! அந்தச் சிரிப்பை மடித்து வையுங்கள். இங்கே அத்தை மகள் என்றால் கூடப்பிறந்த அக்கா. அவள் காதுபட ஒரு கெட்ட வார்த்தை வரக் கூடாது. அதோடு அவள் மாமன் பிள்ளைகளுக்கு மேலே, ஃபாஹு என்பார்கள். எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும்.)

"போச்சுடா," என்றான் பேனி.

4

இனி நான் யோசித்த முடிவுகள்.

அ. நடுவில் பாய் கட்டுகிறார்கள். (பேனி உண்மையிலேயே கட்டினான். "பாய்க்கு அந்தப் பக்கம் எங்க அக்கா என்ன செவிடாடா?" என்றான் மொசேசே.)

ஆ. வசவுகளை எடுத்துவிட்டுப் பாடுகிறான். (பாடினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டு மாதிரி இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டான்.)

இ. லூபே விலகிக்கொள்கிறாள். (இதை அவளிடமே சொல்லிப் பார்த்தேன். "என்னைக் கிளப்பிவிடத்தான் கதை எழுதுறீங்களா, சார்?")

5

நடந்தது இது. போன சனிக்கிழமை லூபே குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் கை நீட்டினாள்.

"பாட்டுத் தாளைக் குடு."

"அக்கா, அது வேண்டாம். அதுல எங்கப்பாவை..."

"உனக்கு அப்பா. நீ அவர் தலையைக்கூடத் தொடக் கூடாது. எனக்கு வெறும் தாய்மாமன். நான் என்ன வேணா திட்டலாம், ஊரே சிரிச்சுட்டுப் போகும். குடு."

அது அவனிடமிருந்த ஒரே பாட்டு. ஆனால் கேட்டது அத்தை மகள். கொடுத்தான். அந்த வார்த்தைகளை அக்காவோடு சேர்ந்து கேட்கக் கூடாதே என்று கொட்டகையை விட்டு வெளியே வந்து ஈரப்பலா மரத்தடியில் நின்றான். நானும் பக்கத்தில் நின்றேன். (மறுபடி புகார் சொல்லப் போயிருந்தேன்.) உள்ளே டிரம்ஸ் இடித்தது. லூபே கத்தினாள், ஒரு வசவு விடாமல். ஒன்பது வருடம் அவன் தொண்டையில் கிடந்தது வேறொருத்தி வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. அப்போது மொசேசே

6

அந்த வாக்கியம் முழுசாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பக்கமும் இருந்தது. மரத்தடியில் அவன் முகம் எப்படிப் போனது, என்ன செய்தான், என்னிடம் என்ன சொன்னான், எல்லாம்.

நேற்று லூபே வந்தாள். தமிழ் தெரியாதவள், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். கடைசிப் பக்கம் வரும்வரை சிரித்துக்கொண்டே கேட்டவள், அதன்பிறகு சிரிக்கவில்லை.

"மொசேசே உங்களை எல்லார்கிட்டயும் அண்ணன்னுதானே சொல்றான்?"

"ஆமா."

"அப்ப நானும் உங்களுக்கு அத்தை மகதான். அந்தப் பக்கத்தைக் குடுங்க."

கொடுத்துவிட்டேன். நாளை மறுநாள் துறைமுகத் திடலில் அவர்களுக்கு முதல் மேடை. மைக் யார் கையில் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மரத்தடியில் நடந்ததை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதைக் கேட்கக்கூடியவள் கேட்டு வாங்கிப் போய்விட்டாள்.