ஜன்னலோர மைக்

ஒத்திகையில் சலோமி ஒரு சொல்லில்கூடத் தடுமாறியதில்லை. நேரடி ஒலிபரப்பில் மட்டும் மூன்றாவது வரியிலேயே நாக்கு இழுத்துக்கொள்ளும். முளையில் கட்டிய கன்றுபோல ஒவ்வொரு சொல்லும் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கல்லூரியின் மதிய ஒலிபரப்பு நிஜ வானொலி அல்ல. மாடியில் ஆய்வகத்தின் பழைய சாமான் அறையில் இரண்டு மைக், ஒரு ஆம்பிளிஃபயர். அங்கிருந்து கம்பி மைதானத்தைத் தாண்டிப் போய், தண்ணீர்த் தொட்டி மேலிருக்கும் புனல் ஒலிபெருக்கியில் முடியும். சாப்பாட்டு வேளையில் செய்தி, பாட்டு, சின்ன நாடகம். இளையபெருமாளும் சலோமியும் மாறி மாறி வாசிப்பார்கள். ஒருவர் கடைசிச் சொல்லை முடிக்கும்போதே மற்றவருடைய மைக் திறந்தாக வேண்டும் என்பதால், ஆம்பிளிஃபயர் முன் உட்காரும் பிலோமின்ராஜ் இருவர் வாயையும் பார்த்தபடியே இருப்பான். ஒத்திகை சாயங்காலம், புனலின் கம்பியைக் கழற்றிவிட்டு நடக்கும்.

மறுநாள் வானொலி நிலையத்திலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது, இளைஞர் நிகழ்ச்சிக்குக் குரல் தேர்ந்தெடுக்க. அன்றைய ஒத்திகை முடிந்ததும் பிலோமின்ராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அந்தத் தடுமாத்தம் பயத்துல வருதுங்க. நாளைக்கு மட்டும் நீங்க இசைத்தட்டு எடுத்துக் குடுங்க. பெருமாளே வாசிக்கட்டும்."

"பயமா? ஞாயித்துக்கெழம கோயில்ல ஊரே உக்காந்திருக்க, நான்தான வாசகம் வாசிக்கிறேன்?"

"அங்க சேசு மன்னிச்சுருவாரு. ரேடியோக்காரரு மாட்டாரு."

இளையபெருமாள் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சலோமிக்கு உட்கார முடியவில்லை. எழுந்தாள், தாளை மடித்தாள், பிரித்தாள், ஜன்னலுக்குப் போனாள். மைதானத்தின் கோடியில், தொட்டிக்கு அடியில், விளையாட்டு விழாப் பந்தலுக்கு ஒரு ஆள் முளை அடித்துக்கொண்டிருந்தான். சம்மட்டி இறங்கும்போது சத்தமில்லை. அவன் அதை மறுபடி தூக்கும்போதுதான் 'ணங்' என்று வந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள்.

"புனல் கம்பிய மாட்டுங்க. பெருமாள், என் நாற்காலில உக்காந்து வாசிங்க."

அவன் கணீரென்று தொடங்கினான். இரண்டாவது வரியில் இழுத்தான். மூன்றாவது வரியில் நின்றேவிட்டான்.

"எவனோ பின்னாடி நின்னு என்னையே பழிச்சுக் காட்டுறான்" என்றான், முகம் வெளிறி.

பழித்தது அவன் குரல்தான். கம்பி வழியே குரல் கண் இமைக்குமுன் தொட்டிக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து திரும்பி வருவது காற்றின் வழியே, சம்மட்டிச் சத்தம்போலத் தாமதமாக. அடுத்த சொல் வாயில் இருக்கும்போது முந்தின சொல் காதில் விழுகிறது. காது அதைக் கேட்க, நாக்கு காத்து நிற்கிறது. இளையபெருமாளின் வழக்கமான இடம் இரும்பு அலமாரிக்குப் பின்னால் என்பதால் அவன் தப்பித்தான். ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் உட்காரக்கூடாதென்று இடத்தை இரண்டாகப் பிரித்தபோது, காற்று வரட்டுமே என்று மரியாதையாகத்தான் பெண்ணுக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்திருந்தார்கள். ஜன்னலுக்குக் கதவு கிடையாது. எப்போதோ புயலில் போனது.

"அப்ப ரெண்டு பேரும் அலமாரிக்குப் பின்னாடியா?" பிலோமின்ராஜ் தலையைச் சொறிந்தான். "பொறுப்பு சார் ஏதாச்சும் சொல்லுவாருங்க."

"சொல்லட்டும். நான் வாசிச்சு முடிச்சதும் சொல்லட்டும்."

மறுநாள் மதியம் வாசலில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை. தொடங்கலாம் என்று பிலோமின்ராஜ் கையை இறக்கினான். சலோமி முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டிருந்தாள். அலமாரிக்குப் பின்னால் ஒரே மேசை, நடுவில் ஒரே மைக், ஜன்னலில் ஆணியடித்த நெல் சாக்கு.