எட்டாம் விதி

தலைமையாசிரியை மதிவதனியின் மேசையில் இருந்த மனுவை மங்கையர்க்கரசி நின்றபடியே படித்தாள். ஐம்பத்தெட்டுப் பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து அவளுடைய அண்ணன் சோமசேகரனுடையது. அவர்தான் பெற்றோர் சங்கத் தலைவர்.

பள்ளிக்குப் புதிதாக எழுதிய பாதுகாப்பு விதிகளில் எட்டாவதை நீக்கச் சொன்னது மனு. பாலின அடையாளத்துக்காகவோ, யாரை விரும்புகிறார் என்பதற்காகவோ எந்த மாணவரையும் கேலி செய்யக்கூடாது, துன்புறுத்தக்கூடாது, பள்ளியைவிட்டு அனுப்பக்கூடாது என்றது அந்த விதி.

"சனிக்கிழமை கூட்டத்துல பெரும்பாலானவங்க வேணாம்னா நிர்வாகம் அத எடுத்துடும். அப்புறம் எங்கையில ஒண்ணுமில்லங்க" என்றார் மதிவதனி. "அதுக்கு முன்னாடி நீங்களே டி.சி. வாங்கிட்டா பாப்பாவுக்குக் கௌரவமா இருக்கும்."

"டி.சி. வாங்க வரலைங்க. இந்த மனுவுக்கு ஒரு ஜெராக்ஸ் குடுங்க."

மகள் நித்யஸ்ரீ பிளஸ் ஒன். வகுப்புத் தோழி ஒருத்தியைத் தனக்குப் பிடித்திருப்பதாக அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தாள். தோழி அதை யாரிடமும் காட்டவில்லை. அவள் நோட்டுக்குள் இருந்ததை அஷ்வின் என்ற மாணவன் உருவிப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். மறுநாள் நித்யஸ்ரீ பள்ளிக்குப் போகும் கோட்டுச்சேரிப் பேருந்தில் ஏறியதுமே சிரிப்பு தொடங்கியது. கழிப்பறைச் சுவரில் அவள் பெயரை எழுதினார்கள். தோழியை அவள் வீட்டார் வேறு ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். நித்யஸ்ரீ பள்ளிக்குப் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது.

முதல் வாரம் மங்கையும் மகளைத் திட்டத்தான் செய்தாள். மஸ்கட்டில் இருக்கும் கணவர் தியாகராசன், "ஒங்கண்ணன் சொல்றபடி செய்யி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். மகளை அம்பகரத்தூர் காளி கோயிலுக்கு அழைத்துப் போய்க் கும்பிட்டாள். திரும்பும் வழியில் நித்யஸ்ரீ கேட்டாள்: "என்னை மாத்திவுடச் சொல்லி வேண்டிக்கிட்டியாம்மா?"

மங்கை குங்குமப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நா மாற மாட்டேம்மா. ஆனா பள்ளிக்கூடம் போவணும். நா யாரையும் ஒண்ணும் பண்ணல. நா எதுக்கு வெளிய போவணும்?"

அன்றோடு மங்கை திட்டுவதை நிறுத்தினாள்.

வேளாண் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள், நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். மனுவின் நகலோடு செவ்வாய்க்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்தாள். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவது என்று முடிவு செய்திருந்தாள். பலர் கதவைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "எட்டாம் விதிய நீங்க படிச்சீங்களா?"

பள்ளிக்கு எதிரே சீருடைத் துணிக்கடை வைத்திருந்த சேக் அலாவுதீன் படித்திருக்கவில்லை. "வகுப்புல இதெல்லாம் பாடமா நடத்தப் போறாங்கன்னு சொன்னாங்க தங்கச்சி. அதான் போட்டேன்."

அவள் விதியை வாசித்துக் காட்டினாள். அவர் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

"எங்க மார்க்கத்துல இது தப்புதான். அதுல நா மாற மாட்டேன், ஒங்ககிட்ட பொய் சொல்ல விரும்பல" என்றார். "ஆனா படிக்கிற புள்ளைய வெரட்டுறதுக்கு நா கையெழுத்துப் போடல. பேப்பர் குடுங்க." கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

அஷ்வினின் அம்மா சிவப்ரியா வாசற்படியைத் தாண்டவிடவில்லை.

"விதி வந்தா மொதல்ல எம்புள்ள மேலதான பாயும்?"

"ஆமா. பாயும்."

"அவன் வெளையாட்டுக்குப் பண்ணுனான்."

"எம்பொண்ணு இருவது நாளுக்கு மேலா வீட்டுல கெடக்கிறா சிவப்ரியா. ஒங்க புள்ள ஒரு நாள்கூட லீவு போடல."

கதவு சாத்தப்பட்டது. மங்கை அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதினேழு பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடைசியாக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அறுவடைக்குக் கதிர் முற்றிய வயலிலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார் சோமசேகரன்.

"வீடு வீடாப் போறியாம். மானம் போவுது மங்கை."

"நீங்க எதுக்கு அண்ணே மொத ஆளாக் கையெழுத்துப் போட்டீங்க? அவளுக்குக் காது குத்த மடியில வச்சிருந்த தாய்மாமன் நீங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். "அதுக்காவத்தான் போட்டேன். விதின்னு ஒண்ணு வந்தா, யாருக்காவ வந்துச்சுன்னு கேப்பான். புள்ள பேரு வரும். நாளைக்கு ஒரு கல்யாணம், காட்சி எதுவும் நடக்காது. டி.சி. வாங்கிட்டுத் திருவாரூர்ல சேத்துடுவோம். ரெண்டு வருசத்துல ஊரு மறந்துடும்."

"அங்கயும் ஒருத்தன் கண்டுபிடிச்சா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப அடுத்த ஊரா அண்ணே? எத்தனை ஊருக்கு அவள ஓடச் சொல்றீங்க?"

"நாளைக்கு நீ பேசாத. அண்ணன் சொல்றேன்."

"பேசுவேன் அண்ணே" என்றாள். அவர் மனைவி கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டே கிளம்பினாள்.

சனிக்கிழமை பள்ளியின் பெரிய கூடம் நிரம்பியிருந்தது. சோமசேகரன் தலைமை. மங்கை பதினேழு கடிதங்களையும் மதிவதனியிடம் கொடுத்துவிட்டு விதியை உரக்க வாசித்தாள். பின்வரிசையிலிருந்து சிவப்ரியா எழுந்தாள்.

"கேலி பண்ணக்கூடாதுன்னு ஏற்கெனவே பொதுவா விதி இருக்கு. இது மட்டும் தனியா எதுக்கு? அப்படி யாரு இருக்கா நம்ம பள்ளிக்கூடத்துல?"

கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சோமசேகரன் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இருக்கேன்."

வாசலருகே நித்யஸ்ரீ சீருடையில் நின்றாள். அவள் வருவாள் என்று மங்கைக்கே தெரியாது.

"நித்யஸ்ரீ, பிளஸ் ஒன் பி செக்சன். பொதுவா இருக்குற விதிய வச்சு ரெண்டு தடவ புகார் எழுதிக் குடுத்தேன். என்னைத்தான் டி.சி. வாங்கிக்கச் சொன்னாங்க. அதான் தனியா வேணும்." அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். "எம்பேரு வெளிய வந்துரும்னு எங்க மாமா பயந்தாங்க. இப்ப நானே சொல்லிட்டேன். இனிமே அதுக்காவ யாரும் பயப்பட வேணாம்."

மங்கை எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

கை தூக்கச் சொன்னார் மதிவதனி. எண்ண வேண்டியது தலைவர். சோமசேகரன் விரலை நீட்டி இரண்டு பக்கமும் நிதானமாக எண்ணினார். அவர் கை எந்தப் பக்கமும் உயரவில்லை. "விதி இருக்கணும்னு நாப்பத்தஞ்சு. எடுக்கணும்னு நாப்பத்தொண்ணு."

"திருப்பி எண்ணுங்க!" என்று கத்தினார் ஒருவர்.

"எண்ணுனது சரியாத்தான் இருக்கு" என்றார் சோமசேகரன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். தங்கையையோ மருமகளையோ பார்க்காமல் பின்வாசல் வழியாக வெளியேறினார்.

தீபாவளிக்கும் அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மங்கை முறுக்குச் செய்து கொடுத்தனுப்பினாள். முறுக்கை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு எதுவும் வைக்காமல் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். புதிய விதியின்படி அஷ்வினை விசாரித்து ஒரு வாரம் பள்ளிக்கு வரவிடாமல் நிறுத்தினார்கள். பேருந்தில் சிரிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. வகுப்பில் இரண்டு பெண்கள் பெஞ்சு மாறி உட்கார்ந்தார்கள். வேறொருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுப்போன இயற்பியல் குறிப்புகளை நீட்டினாள். நித்யஸ்ரீ அன்று மாலையே அவற்றைப் பார்த்து எழுதத் தொடங்கினாள்.