ஓடாத சக்கரத்துக்கு எதுக்குப் பல்லு?

மதுரையில் மே மாதம், சாயங்காலம் நான்கு மணிக்கு, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்களைப் பைத்தியம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. எதிர்வீட்டுக்காரர்கள் சொல்லியே விட்டார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. "ஃபேன்சி டிரஸ் போட்டியா?" என்று கேட்கிறவர்கள் மேல்தான் கோபம்.

இதற்குப் பெயர் ஸ்டீம்பங்க். மின்சாரமும் பெட்ரோலும் தலையெடுக்காமல், விக்டோரியா மகாராணி காலத்து நீராவியிலேயே உலகம் இன்றுவரை ஓடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்கிற கற்பனை. அதற்கென்று கதைகள் உண்டு, உடுப்புகள் உண்டு, டீ குடிக்க முறைகள் உண்டு. நான் பள்ளிக்கூட நூலகர். யாரும் எடுக்காத புத்தகங்களை நானே எடுத்துப் படித்ததில் பிடித்த பித்து இது. மாதம் ஒரு ஞாயிறு வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கூடுவோம். மொத்தம் ஆறு பேர். அதில் இரண்டு பேர் பன் பட்டர் ஜாமுக்காக மட்டும் வருகிறவர்கள். அவர்களுக்குத் தலையில் தொப்பி இருந்தால் போதும், உள்ளே விட்டுவிடுவேன்.

விக்ரம் அப்படி வருகிறவன் இல்லை. கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நல்லகாமனின் ஒரே மகன். குக்கரில் செப்புக் குழாயைப் பொருத்தி நீராவியில் சக்கரம் சுற்ற வைப்பான். மூன்று வருடமாக அவனுக்கும் எனக்கும் காதல். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது என்பதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம். அது சின்ன விஷயமில்லை என்று அந்த வாரம்தான் தெரிந்தது. "புதன்கிழம வந்து பொண்ணப் பாக்குறேன். புடிச்சா பேசுவோம். புடிக்கலைன்னா அந்தப் பேச்ச அதோட விட்டுறணும்" என்று நல்லகாமன் சொல்ல, இவனும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தான். மனிதர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

"புதன் வரைக்கும் அந்தத் தொப்பிய மச்சுல தூக்கிப் போடுடி" என்றாள் அம்மா செல்லத்தாய். அப்பா போனபிறகு என்னை ஒற்றை ஆளாக வளர்த்தவள் என்பதால் அவளுக்கு நான் பெரும்பாலும் அடங்குவேன். புதன்கிழமைக்குப் பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, குனிந்த தலை எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றார்.

நாங்கள் முழு உடுப்பில் இருந்தோம். திரைச்சீலையை வெட்டித் தைத்த பாவாடை எனக்கு. தலையில் பித்தளைப் பல்சக்கரம் ஒட்டிய கறுப்புத் தொப்பி. ஜெராக்ஸ் கடை தங்கப்பாண்டி, அட்டையில் செய்த நீளத் தொப்பியும் அவன் மாமனாரின் வக்கீல் கோட்டும் போட்டு, வியர்வை சொட்டச் சொட்ட என் கதையை வாசித்துக்கொண்டிருந்தான். படியேறி வந்த நல்லகாமனைப் பார்த்ததும் அவனுக்கு வாசிப்பு நின்றது, வியர்வை நிற்கவில்லை.

"அண்ணே, வாங்கண்ணே! புதன்கிழமைல்ல சொன்னீக?" என்று பின்னாலேயே ஓடிவந்தாள் அம்மா.

"பழைய மெஷின் வாங்கப் போனாச் சொல்லாமத்தான் தங்கச்சி போவேன். சொல்லிட்டுப் போனா எண்ணெயப் போட்டுப் பளபளன்னு தொடச்சு வச்சிருப்பாய்ங்க" என்றார் அவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் மட்டும் போகாத கறுப்பு. நாற்காலியில் உட்கார்ந்து எங்களை வரிசையாகப் பார்த்தார். மகனிடம் பார்வை நின்றது. "டேய், உன் நெத்தியில இருக்கது நம்ம பட்டறை வெல்டிங் கண்ணாடிதான? ரெண்டு மாசமாத் தேடுறோம்."

விக்ரம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அம்மா செம்பில் தண்ணீர் நீட்டினாள். "வேணாம் தங்கச்சி" என்று கையைக் காட்டினார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண் வீட்டில் எதையாவது சாப்பிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று பொருள். கை நனைப்பது என்பார்கள். இப்போதெல்லாம் காபி, பஜ்ஜிவரைக்கும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். நல்லகாமன் பழைய ஆள். முடிவு சொல்லும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது.

"நிறுத்துனீகளே, படிங்க தம்பி. என்னதான் பண்றீகன்னு பாப்போம்."

தங்கப்பாண்டி வேறு வழியில்லாமல் படித்தான். கதையில் பேரையூர் பெரிய ஆகாயக்கப்பல் துறைமுகம். பரந்த பொட்டல் ஆயிற்றே, கப்பல் இறங்கத் தோதான இடம். நூறு கொதிகலன்கள் இரவு பகலாகக் கொதிக்க, பருத்தி மூட்டைகள் ஏறியபடி இருக்கின்றன. எழுதும்போது எனக்கே சிலிர்த்த இடம் அது.

"இருங்க இருங்க. நூறு கொதிகலனா?" என்றார் நல்லகாமன். "எழுதுனது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"நான் பேரையூர்லதான் பொறந்தேன் ஆத்தா. குடிக்கிற தண்ணிக்கே லாரியப் பாத்து உக்காந்திருப்போம். நீராவிக்குத் தண்ணிக்கு எங்க போவ?"

பன்னுக்காக வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. இரண்டு வருடமாக மற்ற ஐந்து பேரும் கேட்டுப் பாராட்டிய கதை. ஒருத்தருக்காவது இது தோன்றியதா? கேள்வி சரிதான் என்பதால் கோபம் இன்னும் கூடியது. "அத அடுத்த அத்தியாயத்துல பாத்துக்கிருவேன்" என்றேன் விறைப்பாக.

"அது கெடக்கட்டும். தலையில என்ன பல்சக்கரம்?"

"அழகுக்கு."

"சுத்துமா?"

"சுத்தாது. ஒட்டிருக்கேன்."

"ஓடாத சக்கரத்துக்கு எதுக்குப் பல்லு?" என்று கேட்டுவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் புதன்கிழமைப் பட்டுச்சேலை பெட்டிக்குள் திரும்பிப் போனது தெரிந்தது.

இந்த நேரம் பார்த்துத்தானா விக்ரம் தன் இயந்திரத்தை ஓட்ட வேண்டும்? பயத்தில் கை சும்மா இருக்க முடியாமல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டான். குக்கரின் ஆவி குழாய் வழியே போய்ச் சின்ன விசிறியைச் சுற்ற வேண்டும். விசிறி பல்சக்கரங்களைச் சுற்ற வேண்டும். அவை டீக்கெண்டியை மெல்லச் சாய்த்துக் கோப்பையில் ஊற்ற வேண்டும். விக்டோரியா காலத்துச் சீமாட்டிகள் வேலைக்காரியை வைத்துச் செய்துகொண்டதை நாங்கள் ஆவியை வைத்துச் செய்துகொள்வோம் என்பது ஏற்பாடு. இதுவரை ஒருமுறையும் நடந்ததில்லை. அன்றும் சக்கரம் கறகறவென்று வழுக்கியது, கெண்டி ஆடாமல் நின்றது, பிறகு ஒரே குதியாகக் கவிழ்ந்து வக்கீல் கோட்டின்மேல் கொட்டியது. தங்கப்பாண்டி மாடியைச் சுற்றி ஓடினான்.

நல்லகாமன் பார்த்தார். வேட்டி நுனியைத் திருகினார். விக்ரம் மறுபடி ஆவிக் குழாயைத் திறந்தான். மறுபடி கறகற.

"நிறுத்துடா!" எழுந்தே விட்டார். "அந்தச் சத்தம் காதுல விழலையா ஒனக்கு? நடுச்சக்கரம் பல்லு தேஞ்சு மொட்டையாக் கெடக்கு. நான் பெத்த பிள்ளையாடா நீ? ஸ்பேனரக் குடு." சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஐந்தே நிமிடத்தில் இயந்திரம் துண்டு துண்டாகக் கிடந்தது. "பட்டறைலருந்து நல்ல சக்கரம் ஒண்ணு எடுத்துட்டு வந்தியே, பித்தளைல, இருபத்து நாலு பல்லு. அத எங்க?"

விக்ரமின் கண் என் தலைக்குப் போனது. போன வருடம் என் பிறந்த நாளுக்கு அவன் கொடுத்த சக்கரம் அது. இயந்திரத்திலிருந்து உருவித்தான் கொடுத்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஓகோ! மெஷினுக்கு வேண்டியதக் கழட்டிப் பொண்ணுக்குப் பூ வச்சிருக்கீகளா சாரு" என்றார். கையை நீட்டினார். "தொப்பியக் குடு ஆத்தா."

"மாட்டேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடியே, குடுத்துருடி!"

"பதினோரு நாள் உக்காந்து செஞ்ச தொப்பிம்மா. கேட்ட ஒடனே பிச்சுக் குடுக்க முடியாது." அவரைப் பார்த்தேன். "சக்கரம் வேணும்னா எடுத்துக்கங்க. ஆனா வேலை முடிஞ்சதும் இருந்த மாதிரியே ஒட்டித் தரணும்."

"ஒட்டுறதா?" அவருக்கு நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது. "ஒட்டுற வேலை நம்ம பட்டறையில கெடையாது. பட்டறையில புதுசா ஒண்ணு கடைஞ்சு, அச்சுக் குடுத்து, திருகு போட்டு, காத்தடிச்சாச் சுத்துற மாதிரித் தாரேன். போதுமா?"

"போதும்" என்று தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். சுத்துகிற சக்கரம் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அரை மணி நேரம் அவர் கேட்பதை எடுத்துக் கொடுப்பதும், விளக்குப் பிடிப்பதுமாக எல்லோரும் பட்டறைப் பையன்கள் ஆனோம். குக்கர் மறுபடி ஏறியது. சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. கெண்டி மரியாதையாகத் தலை சாய்த்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியது. எங்களுக்குக் கைதட்டக்கூடத் தோன்றவில்லை.

நல்லகாமன் அந்தக் கோப்பையை எடுத்தார். தட்டில் ஊற்றி, ஊதி, உறிஞ்சினார். "தண்ணியா இருக்கு. தூள் பத்தல. ஆவியும் சாஸ்தியா வருது, கொறை." அடுத்த கோப்பை. "இப்பப் பரவால்ல. சாயிற வேகத்தக் கொஞ்சம் கொறைக்கணும்." திருகை அரைச் சுற்றுத் திருப்பினார். மூன்றாவது கோப்பை. கண்ணை மூடி ருசி பார்த்தவர், பார்க்காமலே பக்கத்துத் தட்டுக்குக் கையை நீட்டி, ஒரு பன் பட்டர் ஜாமை எடுத்து டீயில் முக்கிக் கடித்தார். "இது டீ" என்றார்.

அம்மா இதற்காகவே காத்திருந்தவள்போல் குலவை போட்டாள். எதிர்வீட்டில் எல்லோரும் பால்கனிக்கு வந்துவிட்டார்கள். "கை நனைச்சிட்டீகண்ணே! எங்க வீட்ல கை நனைச்சிட்டீக!"

நல்லகாமன் வாயில் பன்னோடு உறைந்துபோனார். மெல்ல விழுங்கினார். "நிறுத்து தங்கச்சி. அது டிரயலு."

"டிரயலா?"

"மெஷினச் சரிபண்ணா ஓட்டிப் பாக்காம எந்திரிக்க மாட்டேன், அது தொழிலு. டிரயலுக்கு வெட்டுன துண்டு சரக்குல சேராது."

அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் கூடவே எனக்குக் கோபமும் வரும். "டிரயல்னே வச்சுக்கங்க" என்றேன். "எங்கம்மா ஒண்ணும் உங்களை மடக்கிப் பிடிக்கணும்னு பன் வைக்கல. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போங்க. இந்தத் தொப்பி, இந்தக் கதை எல்லாத்தையும் கல்யாணத்துக்குப் பிறகும் நான் விட மாட்டேன். அதையும் தெரிஞ்சுக்கிட்டே முடிவு பண்ணுங்க."

"ப்பா" என்றான் விக்ரம். ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். "நீங்க வேணாம்னு சொன்னா, நான் நாளைக்கும் வந்து கேப்பேன்ப்பா. அதுக்கு மறுநாளும் கேப்பேன்." அவன் வாழ்நாளில் அப்பாவிடம் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

நல்லகாமன் எழுந்து, தண்ணீர்த்தொட்டிக் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். ஒவ்வொரு விரலாகக் கழுவினார். இவ்வளவு நேரம் ஒரு மனிதர் கை கழுவ முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. திரும்பி வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மடித்த சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"கேட்ட ஒடனே தொப்பியக் கழட்டி நீட்டிருந்தா நான் அப்பவே எறங்கிப் போயிருப்பேன்" என்றார். "இவனும் தலையாட்டுற பய, வார மருமகளும் தலையாட்டுனா பட்டறை வெளங்குமா?" தொண்டையைச் செருமினார். "நெனவில்லாமக் குடிச்சது சேராது. இப்பத் தெரிஞ்சு குடிக்கிறேன். ஊத்து ஆத்தா."

குக்கர் ஆறிப்போயிருந்தது. கெண்டியைக் கையில் எடுத்து நானே ஊற்றினேன். பாதி தட்டில் விழுந்தது. அவர் தட்டில் விழுந்ததை முதலில் குடித்தார், பிறகு கோப்பையிலிருந்ததைக் குடித்தார். காலிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணே, இப்பக் குலவை போடலாமாண்ணே?" என்று கேட்டாள் அம்மா.

"போடு தங்கச்சி."

அம்மா போட்டாள். நானும் சேர்ந்து போட்டேன். கல்யாணப் பொண்ணு தானே குலவை போடக்கூடாது என்று எதிர்வீட்டிலிருந்து யாரோ சொன்னார்கள். யார் கேட்டது?